அடைப்பு தொடையில் இருந்தது

அந்த நாட்களில் என் புருஷனை நான் சோம்பேறி என்றே நினைத்தேன். எண்பதுகளின் தொடக்கம் அது. தேயிலைச் செடி வெட்டும் கும்பலில் அவருக்கு வேலை. மேட்டில் ஏறும்போது நாலு வரிசைக்கு ஒருமுறை நின்று பீடி பற்றவைப்பார். கெண்டைக்கால் வலியை மறைக்கத்தான் அப்படி நிற்கிறார் என்று எனக்குத் தெரியாது. கங்காணி திட்டினால் நானும் சேர்ந்து திட்டுவேன். இப்போது நினைத்தாலும் என் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஒரு மழைக்காலத்தில் அவர் கால்விரலில் புண் வந்தது. அட்டைக்கடிதான் என்று புகையிலையை நனைத்து வைத்துக் கட்டினேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அதற்கு அதுதான் மருந்து. ஒரு மாதம் ஆகியும் ஆறவில்லை. விரல் நுனி கறுத்துவிட்டது. எஸ்டேட் கிளினிக்கில் வைத்தியம் பார்க்கும் டிரசர் பாதத்தின் மேல் விரல் வைத்துப் பார்த்தார்.

"இது அட்டை இல்லம்மா, காலுக்கு ரத்தம் போவல. இன்னிக்கே ஈப்போ டவுன் பெரியாஸ்பத்திரிக்குக் கெளம்புங்க."

பக்கத்து வீட்டுக்காரருக்கும் முந்தின வருஷம் இதே நோய். அவருக்கு அடைப்பு முழங்காலுக்குக் கீழே, காலையே எடுத்துவிட்டார்கள். அதனால் ஈப்போ டாக்டர் எக்ஸ்ரே படத்தைக் காட்டி, "அடைப்பு தொடையில இருக்கு" என்றதும் மனசுக்குள் கணக்குப் போட்டேன். கீழே அடைத்தவருக்கே முழங்கால் வரை போனதென்றால், இவருக்கு இடுப்போடு அல்லவா போகும்!

"அதுக்கு ஆளையே கொன்னுடுங்க லா!" என்று அழுதுகொண்டே கத்திவிட்டேன்.

டாக்டர் கோபப்படவில்லை. "மேல அடைச்சிருக்கறதுதாம்மா இந்தக் காலுக்கு நல்லது. பெரிய குழாய், ஒரே எடத்துல அடைப்பு. அதுக்குக் கீழ பாதை சுத்தமா இருக்கு. இவரு ரத்தக்குழாய் ஒண்ணையே எடுத்து, அடைப்பைச் சுத்தி வேற வழி போட்டுடலாம். கீழ இருக்கற சின்னக் குழாயெல்லாம் அடைச்சிருந்தா, ரத்தத்தைக் கொண்டுபோயி எங்க சேக்கறது?"

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது! லயத்துக்கு வரும் மெயின் பைப் அடைத்தால் ஒரு துண்டு மாற்றினால் போதும், எல்லா வீட்டுக்கும் தண்ணீர் வந்துவிடும். வீட்டுக்கு வீடு அடைத்தால்தான் வம்பு. அழுதுகொண்டிருந்தவள் சிரித்தேன். "இதயத்தையும் பாத்துக்கணும், பீடிய அறவே விடணும்" என்று டாக்டர் சொன்னதற்கெல்லாம் அவருக்குப் பதிலாக நானே தலையாட்டினேன்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை, நர்ஸ் என் விரலைப் பிடித்து அவர் பாதத்தின் மேல் வைத்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு விரலடியில் டொக் டொக்கென்று ஏதோ தட்டியது.

"துடிக்குது! துடிக்குது!" என்று நான் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது.

அவர் கண்ணைத் திறந்தார். "ஏய், என்ன காலைப் புடிச்சிக்கிட்டு அழுவுற? ஆளுங்க பாக்கறாங்க."

"பாக்கட்டும்" என்றேன். சாப்பாட்டு வண்டி வரும்வரை நான் கையை எடுக்கவில்லை.