தப்புச் சத்தத்துக்குத் திரும்பியவள்

1. சென்னையில் பி.ஏ. முடித்து, அங்கேயே செவிடர் பள்ளியொன்றில் பயிற்சியும் பெற்றுப் பதுளைக்குத் திரும்பினேன்.

2. செவிடர் கல்வியில் மேற்பட்டம் படிக்கச் சீமைப் பல்கலைக்கழகம் ஒன்று இடம் தந்தது. ஒரே ஒரு நிபந்தனை: காது கேளாத பிள்ளை ஒன்றுக்கு நான் பேசக் கற்பித்திருக்கிறேன் என்று மருத்துவர் ஒருவர் நேரில் பார்த்துச் சான்று தரவேண்டும்.

3. மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அப்படி ஒரு சிறுமிக்குக் கற்பித்தேன்.

4. தோட்டத்து டாக்டர் வந்து பார்த்தார். அவளுக்குக் காது கேட்கிறது என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

நான்காவதைத்தான் இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை.

முன்பு கோப்பிக்கொட்டை சேமித்த பழைய ஸ்டோரின் மேல்தளத்தில் தோட்டத்துப் பள்ளிக்கூடம் நடந்தது. தரை முழுவதும் பலகை. எனக்கு அது பெரிய வசதி. கேளாத பிள்ளைக்கு ஒலியை உடம்பின் வழியாகத்தான் காட்ட முடியும். உதட்டை மட்டும் பார்த்தால் 'அம்மா'வும் 'அப்பா'வும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால் அவள் விரலை என் மூக்கின்மேல் வைத்து, 'ம'வுக்கு வரும் அதிர்வை உணரச் செய்தேன். நீட்டலையும் குறுக்கலையும் கற்பிக்க, விடியற்காலையில் ஆட்களைப் பெரட்டுக்கு, வேலை பிரிக்கும் அணிவகுப்புக்கு, அழைக்க அடிக்கும் தப்புப் பறையையே கேட்டு வாங்கினேன். நான் பலகைமேல் வைத்து அடிப்பேன். அவள் வெறுங்காலால் அதை வாங்கிக்கொண்டு, நீட்டியும் குறுக்கியும் குரல் கொடுப்பாள். ஆறேழு சொற்கள் தெளிவாக வந்துவிட்டன.

டாக்டர் வந்த அன்று கங்காணியும் கூட ஏறி வந்தார். அந்தச் சிறுமியைக் கொழுந்தெடுக்க அனுப்பவில்லையே என்று அவருக்கு முன்பே கோபம்.

"இவளா செவிடு? காலையில பெரட்டுத் தப்பு அடிச்சா லயத்துல மொத ஆளா எந்திரிக்கிறவ இவதாங்கய்யா," என்றார்.

"லயத்து வீட்டுச் சுவரோட ஒட்டிப் படுக்கிறாளுங்க. சுவர் அதிருதுங்க," என்றாள் பக்கத்தில் நின்றிருந்த சிறுமியின் தாய்.

"ஆமா, உன் மகளுக்குச் சுவருதான் காது. நாளைக்கு அடுப்புக்கல்லு கண்ணும்பே."

டாக்டர் சிரித்துவிட்டார். சிறுமிக்குப் பின்னால் நின்று தப்பை அடிக்கும்படி கங்காணியிடம் சொன்னார். கங்காணி ஓங்கி அடித்தார். பலகை அதிர்ந்தது. அவள் சட்டென்று திரும்பி, பாடம் தொடங்கிவிட்டது என்று நினைத்து, 'அம்மா' என்று அழகாக நீட்டிச் சொன்னாள்.

அதுவே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

"கீழே மண்தரைக்கு வாருங்கள், டாக்டர். பின்னால் நின்று வாயால் கூப்பிட்டுப் பாருங்கள். ஒரு நிமிடம் போதும்," என்றேன்.

"கண்ணால பார்த்தாச்சும்மா. பங்களாவில துரை சாப்பாட்டுக்குக் காத்திருக்கார்."

"பெத்தவ சொல்றேங்கய்யா, அவளுக்குக் கேக்காதுங்க," என்று தாய் குறுக்கே வந்து நின்றாள்.

"கேக்காத பிள்ளை எப்படிம்மா பேசும்?" என்றபடியே சான்றில் எழுதிக் கையெழுத்திட்டு அவர் படியிறங்கினார்.

நான் அங்கே கற்பித்ததே அதைத்தான். பேச்சு வராதிருந்தால் என் உழைப்பு தோல்வி. வந்ததால் அவள் செவிடே இல்லை. இப்படி ஒரு தராசில் யார் நின்றால்தான் எடை சரியாக வரும்?

டாக்டர் குதிரை ஏறிப் போனபின் அவளை மண்தரையில் நிறுத்தினேன். "இப்போது கூப்பிடுங்கள்," என்று கங்காணியிடம் சொன்னேன். அவர் கூப்பிட்டார். மலைக்கு அந்தப்பக்கம் வேலை செய்யும் ஆட்களையே திரும்ப வைக்கிற குரல் அது. அவள் புல்லில் ஊர்ந்த பூச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எனக்குத் தெரிஞ்சதுதானுங்க வாத்தியாரம்மா," என்றார், கொஞ்சமும் கூசாமல். "நான் எத்தனை தடவை கூப்பிட்டுப் பாத்திருக்கேன். ஆனா டாக்டரய்யா எழுதிட்டாருல்ல? இனிமே அவ கேக்கிறவதான். நாளைக்குக் கொழுந்தெடுக்க மலைக்கு அனுப்பிருங்க."

தெரியாமல் செய்வதை மன்னிக்கலாம். தெரிந்துகொண்டே, மேலே இருப்பவர் எழுதிவிட்டார் என்பதற்காக ஒரு பிள்ளைக்குக் காதை ஒட்டவைப்பதை என்ன சொல்வது?

நடந்ததை விளக்கிப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். மருத்துவர் சொல்லுக்கு எதிராக விண்ணப்பித்த மாணவியின் சொல்லை ஏற்க இயலாது என்று மரியாதையாகப் பதில் வந்தது.

பதுளையில் வேறொரு டாக்டர் அவளைச் சோதித்துப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார். அழைத்துவரத் தோட்டத்தை நடத்தும் துரை அனுமதி தரவில்லை; காது கேட்கிற பிள்ளையை எதற்குக் காது காட்ட அனுப்பவேண்டும் என்று கேட்கிறார். அவள் கொழுந்தெடுக்கிறாள். பல்கலைக்கழகத்தில் என் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.