தங்கய்யன் வீட்டுக் கனல்

ஊசி போடத் தெரிந்தால் பாதி நர்ஸ்; ஊசியைப் பையில் வைத்துவிட்டு ஒரு மனிதர் பக்கத்தில் சும்மா உட்காரத் தெரிந்தால்தான் முழு நர்ஸ். அந்த மறுபாதியை எனக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. திருவிதாங்கூர் எல்லைப் போராட்டக் காலத்தில் அமரவிளை ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபோது தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டேன். மனம் உடைந்த ஒருவர் மேல் ஒரு கண்ணும் அடுப்பின் மேல் ஒரு கண்ணுமாக நீங்களும் நாள் கழித்திருந்தால், வாருங்கள், நாம் ஒரே கட்சி.

மருந்து இல்லாத நோய்

தையற்காரர் தங்கய்யன், எங்கள் ஊர்களைத் தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லி நடந்த ஊர்வலத்தில் போனவர். துப்பாக்கி வெடித்தபோது பக்கத்தில் நடந்த அவருடைய சிநேகிதர் தாசன் விழுந்து இறந்தார். தங்கய்யன் லாக்கப்பில் அடி வாங்கிப் பிறகு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். காயம் ஆறி வீட்டுக்குப் போனவர் தையல் மிஷினைத் தொடவில்லை. மனைவி இல்லை, பிள்ளை இல்லை. பக்கத்து வீட்டில் அக்கா ஞானம்மை மட்டும். "தம்பி சாவப் பத்தியே பேசுதான்" என்று அக்கா வந்து அழுதாள். இதற்கு அலமாரியில் மருந்து இல்லாததால் டாக்டர் என்னை அனுப்பினார்.

நான் சுற்றி வளைக்காமல், "அண்ணே, செத்துப்போகணும்னு தோணுதா?" என்று கேட்டேன். அக்கா என் கையிலிருந்த காப்பியைப் பிடுங்காத குறை. இல்லாத நினைப்பை நானே கிளப்பிவிட்டேனாம்! தங்கய்யன் கூரையைப் பார்த்தபடியே சொன்னார்: "கஞ்சி குடிச்சியாண்ணு எல்லாரும் கேக்கினும். இத ஒருத்தரும் கேக்கல்ல. தோணுது நர்ஸம்மா, தெனமும் தோணுது."

ஆறுதல் படை

தனியே விடக்கூடாது என்று டாக்டர் சொன்னது ஊருக்குக் கேட்டுவிட்டது. மறுநாளே வீடு நிறைய ஆள். ஒருவர் பழக்குலையோடு வந்து துப்பாக்கிச் சூட்டை முதலிலிருந்து விவரிப்பார். சொல்பவர் திணறினால், சூட்டைப் பார்த்தே இராத இன்னொருவர் எடுத்துக் கொடுப்பார். போராட்டக் கமிட்டிக்காரர் ஒருவர் மாலையோடு வந்து, "நீரு வீரராக்கும்!" என்று முழங்கினார். ஒவ்வொரு முழக்கத்துக்கும் தங்கய்யன் முகம் ஒரு பிடி சுருங்கியது.

கடைசியில் நானே வாசலில் நின்று, தொற்றும் காய்ச்சல் என்று புளுகி எல்லோரையும் விரட்டினேன். உள்ளே வந்தபோது அவர் மாலையை ஆணியில் மாட்டிவிட்டுச் சொன்னார்: "செத்தது தாசன். துட்டி கேக்க வாறது மட்டும் எனக்க வீட்டுக்காக்கும்."

வரிசையில் ஐந்து சிரட்டை

விடியலில்தான் மனம் மிகவும் கனக்கிறது என்று அவர் ஒருநாள் சொன்னார். அந்த நேரத்தில் ஒரு முகம் வாசலில் தெரிய வேண்டும், அவருக்கும் ஒரு வேலை இருக்க வேண்டும். எங்கள் ஊரில் அடுப்பு அணைந்த வீட்டுக்காரர்கள் பக்கத்து வீட்டில் தேங்காய்ச் சிரட்டையில் கனல் வாங்கிப் போவது வழக்கம். "உங்க அடுப்ப அணைய விட்டிட்டு, காலத்தே தம்பிகிட்ட போய்க் கனல் கேளுங்க. யாருகிட்டயும் சொல்லப்பிடாது" என்று அக்காவிடம் சொன்னேன். ரகசியம் காப்பதில் அக்கா எப்படிப்பட்டவள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

சில நாள் கழித்துக் காலையில் போனால் வாசலில் ஐந்து பெண்கள், ஐந்து சிரட்டைகள். போராட்டம் தொடங்கியதிலிருந்து அக்கா முகம் கொடுத்துப் பேசாத மலையாளத்து வாத்தியார் மனைவியும் அக்காவுக்குப் பின்னால் நின்றாள். உள்ளே கண்ணெல்லாம் புகையாக அடுப்பை ஊதிக்கொண்டிருந்த தங்கய்யன் என்னைக் கண்டதும் குழலைக் கீழே வைத்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்த உதட்டோரம் அசைந்ததைப் பார்த்தேன்: "அஞ்சு வீட்டு அடுப்பும் ஒரே ராத்திரி அணஞ்சு போச்சாம். அடுப்புக்கும் கமிட்டி ஹர்த்தால் விளிச்சிருக்கோ, நர்ஸம்மா?"

என் வாசலில் ஒரு சிரட்டை

சூழ்ச்சி வெளுத்த பிறகும் அவர் கனல் கொடுப்பதை நிறுத்தவில்லை. இரவில் சாம்பலுக்குள் கட்டையைப் புதைத்து வைப்பார். மெல்ல மிஷினுக்கும் எண்ணெய் விட்டார். நான் வெற்றிக்கொடி நாட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். பிறகு ஒருநாள் முதல்முறையாகத் தாசன் வீட்டுக்குப் போனார். அவர் தாசனுக்குத் தைத்துக் கொடுத்திருந்த சட்டையைத் தாசனின் அம்மா அவர் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

மறுநாள் விடியலில் என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. திறந்தால் தங்கய்யன், கையில் வெறும் சிரட்டை. "அடுப்பு அணஞ்சு போச்சா அண்ணே?" என்றேன். அவர் சிரட்டையைத் திண்ணையில் வைத்தார்: "அணையல்ல, நல்லா எரியுது. எனக்குத்தான் இண்ணைக்கு ஒத்தைக்கு இருக்க பயமாட்டிருக்கு. தீ கேக்க வந்தா யாரும் ஏன்னு கேக்கமாட்டினுமே."

எல்லைக்கு இந்தப் பக்கம்

அவரை உட்கார வைத்து, அக்காவைக் கூப்பிட்டு, வெயில் வரும்வரை மூவரும் கருப்பட்டிக் காப்பி குடித்தோம். முதல் பஸ்ஸில் டாக்டரிடம் கூட்டிப் போனேன். அதன் பிறகும் பல விடியல்களில் அந்தச் சிரட்டை வந்தது. போகப் போகக் குறைந்தது. எல்லை பிரித்தபோது எங்கள் ஊர் கேரளத்தில் நின்றுவிட்டது. தங்கய்யனும் நின்றார், எனக்கு அது போதும். வெகுகாலம் என் ரவிக்கைகளை அவர்தான் தைத்தார், ஒரு கை எப்போதும் கொஞ்சம் இறக்கமாக. குறை சொன்னால் கத்தரியை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்: "என்ன ஜீவனோட பிடிச்சு வச்சது நீங்கதானே? அப்ப இதயும் நீங்கதான் சகிக்கணும்."

அன்றிலிருந்து சிரட்டையோடு யார் வந்தாலும் முதலில் உட்காரச் சொல்லிக் காப்பி கொடுக்கிறேன். நிஜமாகவே தீ வாங்க வந்தவர்கள்தான், வீட்டில் உலை காத்திருக்கிறதே என்று என்னைத் திட்டிக்கொண்டே குடிக்கிறார்கள்.