நான் எழுதாமல் விட்ட நாற்பதாயிரம்

கல்யாணம் பேசியபோது எனக்கு நாற்பதாயிரம் கடன் இருந்தது. பழைய இயந்திரங்கள் விற்பவரிடம் வெல்டிங் மெஷின் எடுத்த வகையில் பட்ட கடன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்குச் சொல்லாமல் விட்டுத்தான் வசமாக மாட்டிக்கொண்டேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இரும்புக் கடையில் எடை போட்டு வளர்ந்து, இருபத்தாறு வயதில் சொந்தப் பட்டறை போட்டேன். எவனும் கைதூக்கி விடவில்லை. பேருந்து நிலையத்தில் இருந்து மருத்துவமனை வரை நடந்து பாருங்கள், என் கையால் செய்த கேட்டுகள் இருபத்துமூன்று நிற்கின்றன. ஒன்றாவது கிறீச்சென்றால் வந்து என் சட்டையைப் பிடியுங்கள்.

ஆனால் இது என் வீட்டுக்காரியின் கதை. அப்போது அவள் பத்திர எழுத்தர் அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். மாடிப்படிக்குக் கீழே, மின்விசிறிக் காற்று எட்டாத மூலையில் அவள் மேசை. விற்பனை, அடமானம், பாகப்பிரிவினை என்று ஊர்ச் சங்கதி எல்லாம் அவள் விரல் வழியாகத்தான் போகும். புருஷன் செத்த பிறகுதான் வீட்டின் மேல் கடன் இருப்பதே தெரிந்து, அந்த மேசை முன்னால் அழுத பெண்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

ஜன்னல் கம்பி செய்யச் சொல்லி என் பட்டறைக்கு வந்த அவளுடைய அண்ணன்தான் சம்பந்தப் பேச்சை எடுத்தார். அவர்கள் வீட்டு முன்னறையில் என் பட்டறைப் பெருமையை அரை மணி நேரம் அளந்தேன். பொறுமையாகக் கேட்டவள், ஆளுக்கொரு தாளை எடுத்து வைத்தாள். கையில் இருப்பது ஒரு பக்கம், கொடுக்க வேண்டியது மறுபக்கம். எழுதிக் கையெழுத்துப் போட்டு மாற்றிக்கொள்வோம், மற்றதெல்லாம் பிறகு என்றாள். அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

இருப்பது பக்கத்தில் நான் சுத்தியலைக்கூட விடவில்லை. கொடுக்க வேண்டியது பக்கத்தில் நீளமாக ஒரு கோடு இழுத்தேன். அவள் தாளில் வங்கிச் சேமிப்பு ஐம்பத்திரண்டாயிரம், தோழிக்குக் கொடுக்க வேண்டியது அறுநூறு என்று இருந்தது.

என் தாளைத் திருப்பிப் பார்த்தவள் கேட்டாள். "மெஷின் எடுத்த நாற்பதாயிரம் எங்க?"

இது இவளுக்கு எப்படித் தெரியும் என்று விழித்தேன்.

"அந்தக் கடன் பத்திரம் மூணு நகல், நான்தான் அடிச்சேன். கையெழுத்துப் போடும்போது மெஷின் புராணமே பாடிக்கிட்டு இருந்தீங்க. அடிச்சவளை நிமிர்ந்துகூடப் பாக்கல."

"தெரிஞ்சுக்கிட்டே எதுக்குக் கேட்ட?"

"நீங்களா சொல்றீங்களான்னு பாக்கத்தான்."

"எழுந்திரும்மா, இது சரிப்படாது" என்றார் அண்ணன்.

கடன் இருக்கிறது என்றால் எவன் பெண் கொடுப்பான் என்று முனகினேன். அவள் எழுந்திருக்கவில்லை.

"கடனுக்கு நான் பயப்படல. கோடு போட்டீங்க பாருங்க, அதுக்குத்தான் பயம்."

தாளைத் திரும்ப வாங்கினேன். கோட்டை அடித்துவிட்டு நாற்பதாயிரம் என்று எழுதினேன். கை ஓடிய வேகத்தில், டீக்கடைக்காரருக்கு நூற்றெண்பது என்பதையும் சேர்த்தேன். அதைப் பார்த்துத்தான் அவள் முதல்முறையாகச் சிரித்தாள்.

அடுத்த வாரம் வக்கீல் அறையில் ஒப்பந்தம் எழுதினோம். அடித்தது அவளேதான். அவரவர் பழைய கடன் அவரவருக்கு; இனிமேல் வாங்கும் வீடு இருவர் பெயரிலும். மெஷின் கடனுக்கு மாதாமாதம் கட்டும் வட்டியே கைக்காசைத் தின்றுகொண்டிருந்ததால், அதை அவள் சேமிப்பில் இருந்து அடைப்பது, நான் மாதம் ஆயிரமாக வட்டியில்லாமல் அவளுக்குத் திருப்பித் தருவது. பொண்டாட்டியிடம் கடனா என்று நான் மீசையை முறுக்கினேன்.

"ஊர்ல யார்கிட்ட வேணா வாங்கலாம், என்கிட்ட வாங்கினா மட்டும் மீசை உதிர்ந்திடுமா, பட்டறைக்காரரே?"

வக்கீல் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். நான் கையெழுத்துப் போட்டேன். இந்த முறை அடித்தவளை நன்றாக நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.

கல்யாணம் முடிந்து நாற்பது மாதம். ஒரு தவணை தப்பியிருக்குமா? இந்த ஊரில் அப்படிக் கொடுத்த ஆம்பளை இன்னொருவன் இருந்தால் காட்டுங்கள். கடைசித் தவணையன்று வேலை முடிந்து நேராகப் பட்டறைக்கே வந்துவிட்டாள், ஒப்பந்தத் தாளோடு.

"எல்லாம் நம்ம பணம்தானே, இந்த ஒரு ஆயிரத்தை விட்டுடேன்" என்றேன்.

அவள் உள்ளங்கையை நீட்டினாள். கைக்கரியைத் துடைத்துக்கொண்டு, வேலையாட்கள் எல்லோரும் பார்க்க, நூறு நூறாக எண்ணி வைத்தேன். பத்தாவது நோட்டு விழுந்த பிறகுதான் விரல்களை மூடினாள்.