அத்தை மொழிபெயர்க்காத கேள்வி

பாஸ்டர் ஒரு வரி சொன்னால் அத்தை அதைப் பத்து வரியாக்குவார். சபையில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. சிங்களத்தில் சுருக்கமாக முடிகிற விஷயம் தமிழுக்கு வரும்போது நீளும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் ஆமென் சொன்னார்கள். சங்கதி தெரிந்தது எனக்கு மட்டும்தான். அப்பா ஹட்டனில் ஒரு பேக்கரியில் வேலை பார்த்தார். பேக்கரிக்குப் பின்னால் குடியிருந்த எனக்கு விளையாட்டும் சண்டையும் சிங்களப் பிள்ளைகளோடுதான். பாடசாலை விடுமுறை வந்தால் என்னை வட்டவளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்திலிருந்த அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே ஞாயிற்றுக்கிழமை என்றால் தகரக் கூரை போட்ட ஜெபவீடு.

அத்தை, அப்பாவின் தங்கை. சின்ன வயதில் கண்டியில் ஒரு சிங்களக் கிறிஸ்தவ வீட்டில் வேலைக்கு நின்றவர். அந்த வீட்டு அம்மா அவருக்குச் சிங்கள எழுத்துக் கற்றுக்கொடுத்தார். பிறகு அந்த அம்மாவுக்குக் கண் மங்கியதும், தினமும் வேதத்தை வாசித்துக் காட்டுவது அத்தையின் வேலையானது. கடைச் சிங்களத்தை வைத்துச் சமாளிக்கிற தோட்டத்துக்கு, புத்தகச் சிங்களம் தெரிந்த ஒரே ஆளாகத் திரும்பி வந்தார். வாரமெல்லாம் இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு கொழுந்து பறிப்பார். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலை கட்டி, பிரசங்க மேடைக்கு ஒரு படி கீழே நின்று மொழிபெயர்ப்பார்.

அந்த ஒரு படி கீழே என்பது மாமாவின் ஏற்பாடு. மாமா அத்தையின் கணவர். சபையின் மூப்பர்களில் ஒருவர். "பொம்பள சபையில போதிக்கக்கூடாதுன்னு வேதத்துலயே இருக்கு. இவ போதிக்கல. ஐயா சொல்றத எடுத்துச் சொல்றா, அவ்வளவுதான்" என்று யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் விளக்கம் கொடுப்பார். பக்கத்து லயத்து வரிசை வீட்டில் இருந்த அக்கா ஒருவர், "அப்ப வேதத்துல வர்ற தீர்க்கதரிசினிங்க எல்லாம் யாருங்கண்ணே?" என்று ஒரு தடவை கேட்டுவைத்தார். "அது அந்தக் காலம்" என்று சொல்லிவிட்டு மாமா வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

பாஸ்டர் கரையோரத்திலிருந்து வந்த சிங்கள இளைஞர். நல்ல மனிதர். ஏப்ரல் விடுமுறையில் ஒரு ஞாயிறு, பெண்கள் அதிகாலையில் கர்த்தரின் கல்லறைக்குப் போனார்கள், கல் புரட்டப்பட்டிருந்தது என்று சிங்களத்தில் சொல்லி நிறுத்தினார். அத்தை ஆரம்பித்தார்.

"இருட்டோட எழும்பி, புள்ளைங்களுக்கு ரொட்டி சுட்டு வச்சிட்டு, பனியில நடுங்கிக்கிட்டுப் போனாங்க அந்தப் பொம்பளைங்க. ஆம்பளைங்க கதவப் பூட்டிக்கிட்டு உள்ள இருந்தாங்க. அவ்வளவு பெரிய கல்ல யாரு தள்ளுவாங்கன்னு தெரியாமத்தான் போனாங்க. போனதாலதான் பாத்தாங்க. ஓடி வந்து சொன்னப்ப ஆம்பளைங்க நம்பல."

பெண்கள் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. வீட்டுக்கு நடக்கும் வழியில் மாமா, "ஐயா இன்னைக்கி என்னமா பேசுனாரு. நம்ம பொம்பளைங்க படுற பாடு அவருக்கு எப்பிடித்தான் தெரியுதோ" என்று வியந்தார். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கும் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது.

பாஸ்டருக்குத் தமிழ் தெரியாது என்றாலும் காது கேட்கும், கண் தெரியும். தான் ஊர் பேர் சொல்லும் இடத்தில் சபை ஏன் அழுகிறது என்று அவர் யோசித்திருக்க வேண்டும். ஆகஸ்ட் விடுமுறையில் ஒரு ஞாயிறு நல்ல மழை. மாமாவும் மற்ற மூப்பர்களும் வாசலில் காற்றுக்குப் பிய்ந்த தார்ப்பாயை இழுத்துக் கட்டப் போயிருந்தார்கள். பிரசங்கம் முடிந்ததும் பாஸ்டர் அத்தையைப் பார்த்துச் சிரித்தார். பிறகு சபையைப் பார்த்து நிதானமாகச் சிங்களத்தில் பேசினார். இத்தனை நாளாக இங்கே பிரசங்கம் செய்தது நான் இல்லை, இந்தச் சகோதரிதான். இவரைக் கர்த்தர் அழைத்திருக்கிறார். இறையியல் படிக்க வைத்து, போதகராக அபிஷேகம் பண்ணும்படி மேலிடத்தில் கேட்கப் போகிறேன். உங்களுக்குச் சம்மதம் என்றால் கையை உயர்த்துங்கள்.

சிங்களம் ஓடும்போது அங்கே யாரும் காது கொடுப்பதில்லை. குழந்தையின் மூக்கைத் துடைப்பதும் பாயைச் சரிசெய்வதும் அந்த நேரத்தில்தான். எல்லோரும் தமிழுக்காக அத்தையின் முகத்தைப் பார்த்தார்கள்.  அத்தை பெண்களைப் பார்த்தார். வாசலில் நனைந்து நின்ற மாமாவின் முதுகைப் பார்த்தார். 

"ஐயா நமக்காக ஜெபிக்கப் போறாரு" என்றார் கடைசியில். "எல்லாரும் தலையக் குனிஞ்சு கண்ண மூடிக்கிங்க."

கைகளுக்காகக் காத்திருந்த பாஸ்டருக்கு முன்னால் ஒட்டுமொத்தச் சபையும் தலையைக் குனிந்துகொண்டது. என் கை மட்டும் பாதி தூரம் எழும்பியிருந்தது. அத்தை என்னைப் பார்த்தார். நான் கையை மடியில் போட்டுக்கொண்டேன்.  பாஸ்டரின் முகம் வாடிப்போனது. "ஹரி", சரி, என்று சிங்களத்தில் மெல்லச் சொல்லிவிட்டு, அவரும் கண்ணை மூடி ஜெபித்தார்.

ஒரே குடையில் வீட்டுக்குப் போகும்போது கேட்டேன்.

"அத்தை, ஐயா அப்பிடிச் சொல்லலையே?"

அத்தை நின்றுவிட்டார். "ஒனக்கு வெளங்கிருச்சா?"

"ம்."

"யார்கிட்டயும் சொல்லாத தாயி. ஒங்க மாமாவுக்குத் தெரிஞ்சா, இப்ப நிக்கிற எடமும் போயிரும்."

சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். ஒரு பெரிய மனுஷி என்னை நம்பி இரகசியம் ஒப்படைத்தது அதுதான் முதல் தடவை. தலைகால் புரியாத பெருமை எனக்கு.

அடுத்த வருடம் பாஸ்டருக்கு இடமாற்றம் வந்தது. விடைபெற வந்தவர், சபை நடுவில் உங்களை அவமானப்படுத்திவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அத்தையிடம் சிங்களத்தில் சொன்னார். சபைதான் வேண்டாமென்றது என்று பாஸ்டர் நம்பியதை அத்தை திருத்தவில்லை. தேநீரை நீட்டினார், அவ்வளவுதான். அவருக்குப் பதிலாகத் தமிழ் பாஸ்டர் ஒருவர் வந்தார். இனி நம்ம பாஷையிலேயே நேராகக் கேட்கலாம் என்று தோட்டமே சந்தோஷப்பட்டது. அத்தையை யாரும் போகச் சொல்லவில்லை. அவருக்கு அங்கே வேலை இல்லாமல் போய்விட்டது. பெண்களோடு பாயில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்டார். மாமா மட்டும் பல வருடங்கள் வரைக்கும், "அந்த சிங்கள ஐயா மாதிரி வராது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

போன வருடம் அத்தையை அடக்கம் பண்ணினோம். ஜெபவீட்டைச் சுத்தமாக வைத்திருந்த உண்மையுள்ள சகோதரி என்று புகழ்ந்தார்கள். பக்கத்து லயத்து அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவளுக்கு இருந்த ஞானத்துக்கு மேடையில ஏத்தியிருக்கணும். நாங்க வேணாமுன்னா சொல்லியிருப்போம்? எங்கள யாரு கேட்டா?" என்றார். 

தமிழ் பாஸ்டர் வந்த பிறகும் நான் விடுமுறைக்குப் போகும்போதெல்லாம், தண்ணீர் விழுகிற பீலியில் துணி அலசும்போதோ சமைக்கும்போதோ அத்தை பேச்சுவாக்கில் கேட்பார்.

"அன்னைக்கி ஐயா கேட்டத யார்கிட்டயாச்சும் சொன்னியா?"

"இல்ல அத்தை. சத்தியமா."

"ஒங்க அப்பாகிட்டகூடச் சொல்லலையா?"

"யார்கிட்டயும் சொல்லல."

"நல்ல புள்ள" என்று சுரத்தில்லாமல் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கத் திரும்பிக்கொள்வார். பயந்துதான் கேட்கிறார் என்று நினைத்தேன். அதனால் ஒவ்வொரு தடவையும் இன்னும் அழுத்தமாகச் சத்தியம் செய்தேன். இழப்பதற்கு ஒன்றுமே மிச்சமில்லாத பிறகும் அவர் ஏன் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார் என்று யோசிக்க எனக்கு அப்போது தெரியவில்லை.