கடைசிச் சிவப்புத் தாள்

யார் லேபிள் தாளை நீட்டினாலும் பி-யூன் அதை முதலில் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். பிறகு "ஈரம்" என்பாள், இல்லையென்றால் "போடலாம்" என்பாள். லூகாங் ஊரின் கடற்காற்றில் எந்தத் தாளும் நான்கு நாளில் சுருண்டுகொள்ளும். கை பொய் சொன்னாலும் கன்னம் சொல்லாது என்பது அவள் கட்சி.

வயது அறுபத்திரண்டு. கோயில் தெருவில் எழுதுபொருள் கடை வைத்திருக்கிறாள். சுருண்ட தாள்களை அரிசி மூட்டைக்கு அடியில் படுக்கவைத்து நிமிர்த்துவாள். அவள் விற்ற தாள் யார் வீட்டுப் பிரிண்டரிலாவது சிக்கிக்கொண்டால் கடையைச் சாத்திவிட்டு, பசை சுரண்டப் பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, அங்கேயே போய்விடுவாள்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் ஊரில் யாருக்கு யார் என்ன முறை என்பது அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். நிச்சயதார்த்தம் என்றால் பெண் வீட்டார் ஒவ்வொரு சொந்தக்காரருக்கும் முறையும் பெயரும் ஒட்டிய கேக் பெட்டி கொடுக்க வேண்டும். முப்பது வருஷமாக அந்தப் பெயர்களெல்லாம் அவள் கடைத் தாளில்தான் ஏறுகின்றன. அக்கம்பக்கத்தாருக்குப் பெயர் ஒட்டாத பெட்டி. பி-யூனுக்கு அப்படி நூறு பெட்டியாவது வந்திருக்கும்.

போன மாதம் எதிர்வீட்டு சியூ-லுவானின் மகளுக்கு நிச்சயம். காலை ஒன்பது மணிக்கு சியூ-லுவான் செருப்பில்லாமல் கடைக்கு ஓடிவந்தாள்.

"அக்கா, பேரெல்லாம் மேல மேல ஏறுது. பதினொரு தாள் வீணாப் போச்சு. ஒண்ணுதான் மிச்சம். உங்கிட்ட சிவப்புத் தாள் இருக்கா?"

"கல்யாண மாசம்டி. நேத்தே தீந்துபோச்சு."

அந்த வீட்டுக்குப் போய், பிரிண்டர் முன்னால் கிடந்த தாள்களைப் பி-யூன் எடுத்துப் பார்த்தாள். மேல் வரிசை சரி. கீழே போகப் போகப் பெயர்கள் கோட்டைத் தாண்டி மேல் கட்டத்துக்குள் நுழைந்திருந்தன.

"ஏன்டி லுவான், உன் சின்னத் தம்பி பேரு பெரிய தம்பி தலைமேல ஏறி உக்காந்திருக்கு."

"சிரிக்காதக்கா. பெரியவன் பதினொரு மணிக்கு வந்துருவான். தாய்மாமன் பெட்டியில பாதிப் பேரு இருந்தா, தலைமை இருக்கையில உக்காராம பஸ் ஏறிடுவான். அவன் கல்யாணத்துல சூப் ஆறிப்போச்சுன்னு நான் சொன்னதுக்கே எங்கூட ரெண்டு வருஷம் பேசல."

பி-யூன் பிரிண்டரைச் சுற்றி வந்தாள். இங்கே எந்த இயந்திரத்தின் மேலும் பச்சை நிறச் சோளப்பொரிப் பொட்டலம் ஒன்று வைப்பது வழக்கம். அது இருந்தால் இயந்திரம் அடம்பிடிக்காது என்று நம்பிக்கை. சியூ-லுவான் வீட்டில் நான்கு இருந்தன.

"முதல்ல ஒண்ணுதான் பெரியம்மா," என்றாள் மணப்பெண் வான்-ஜென், பாதிப் பூசிய முகத்தோடு. "தாள் வீணாக வீணாக அம்மா ஒண்ணொண்ணா வாங்கி வச்சாங்க."

நான்கும் சரிந்து, பின்பக்கம் நிற்கும் தாளின்மேல் சாய்ந்திருந்தன. உருளை இழுக்கும்போது தாள் நகராமல் பிடித்துக்கொண்டிருந்தது அந்தச் சாமிகள்தான்.

"எடுக்காதீங்க பெரியம்மா, அதுக்குக் கோபம் வரும்."

"எடுக்கலடி. சாமிகளா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க." நான்கையும் பக்கத்து முக்காலியில், பிரிண்டரைப் பார்த்தபடி வரிசையாக உட்காரவைத்தாள். பிரஷால் உருளையைத் துடைத்தாள். சாதாரணத் தாளில் ஒன்று அடித்து, அதை மிச்சமிருந்த சிவப்புத் தாளோடு சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஒவ்வொரு பெயரும் அதனதன் கட்டத்துக்குள் அடங்கி இருந்தது.

சிவப்புத் தாளைக் கன்னத்தில் வைத்தாள். "போடலாம்."

தாள் மெல்ல இறங்கியது. பெரிய மாமா தன் கட்டத்தில். சின்ன மாமா அவருக்குக் கீழே, அடக்கமாக.

சியூ-லுவான் முக்காலியைப் பார்த்துக் கும்பிட்டாள். "அதுங்களக் கும்பிடுறியே, எனக்கு ஒண்ணும் இல்லையா?" என்று பி-யூன் பிரஷைப் பைக்குள் செருகினாள்.

ஒரு தாளுக்குப் பத்துக் கட்டம். ஏற்கெனவே சரியாக விழுந்த பெயர்கள் போக மிச்சமிருந்த சொந்தம் ஒன்பது பேர். வான்-ஜென் பத்தாவது கட்டத்தில் பேனாவால் எதையோ எழுதி, உரித்து, பி-யூனின் கையில் கொடுத்தாள்.

'பெரியம்மா பி-யூன்' என்று இருந்தது.

சியூ-லுவான் கேக் பெட்டியை நீட்டிக்கொண்டு நின்றாள். பி-யூன் அதில் ஒட்டவில்லை. முதலில் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.