நான்கு முகப்புப் படங்கள்

2011-இல் ஒரு நாள் காலை ஆறு மணி. சிதம்பரத்தில் என் இணையதளத்தின் வடிவமைப்பை நான்காவது முறையாக மாற்றிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கடலூர்க் கரையில் ஒரே இடத்தில் நின்று புது முகப்புப் படம் எடுப்பேன். அன்றுதான் நான்கையும் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தேன். படத்துக்குப் படம் கடல் நெருங்கியிருந்தது. முதல் படத்தில் இருந்த தென்னைகள் நான்காவதில் இல்லை.

அந்தத் தென்னைகள் நின்ற இடத்துக்குச் சற்றுப் பின்னால்தான் மீனவ நண்பன் சேகர் வீடு கட்டிக்கொண்டிருந்தான். படங்களை எடுத்துப்போய்க் காட்டினேன்.

“என்னா மச்சான், நீ முன்னால போயி நின்னு எடுத்துட்டு கடலக் குத்தம் சொல்றியா?” என்று சிரித்தான்.

“படத்து ஓரத்துல தெரியுற கோயில் சுவத்தப் பாரு. நாலுலயும் ஒரே அளவுதான?”

பார்த்தான். சிரிப்பு நின்றது.

“ஊட்டுல சொல்லிடாத. அவ நக மொத்தமும் இதுலதான் போட்டிருக்கேன்.”

மறுநாள் காலை அந்த வீட்டுக்கு மேல்தளம் போட்டார்கள்.