'ஏனுகு' என்றால் 'ஏனுங்க' இல்லை

ஈரோட்டுக்காரி நான். கணவரின் ஃபேக்டரி வேலைக்காக ஓசூர் அருகே, சானமாவுக் காட்டை ஒட்டிய கிராமத்துக்குக் குடிவந்தோம். பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்த புதிது. நான்காம் வகுப்பு படித்த என் மகள் கவிதாவுக்கு டீச்சர் ஒரு புராஜெக்ட் கொடுத்தார். வீடு வீடாகப் போய், ஒவ்வொரு சொல்லையும் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் கேட்டு சார்ட்டில் எழுத வேண்டும்.

"வாய்ப்பாடு படிக்காம இதென்னங்க, ஊர் சுத்தற படிப்பு?" என்று பள்ளிக்கே போய்ச் சத்தம் போட்டேன். டீச்சர் கோபப்படவில்லை. "சார்ட்டு முடியட்டும்மா, அப்பறம் வந்து திட்டுங்க" என்றார்.

அடுத்த வாரம் ஒரு காலையில், குப்பை கொட்ட ராகிக் கொல்லைப் பக்கம் போனேன். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மா மாடியிலிருந்து "ஏனுகு! ஏனுகு!" என்று கத்தினார். எங்கள் ஊர் வழக்கப்படி 'ஏனுங்க' என்று கூப்பிடுகிறார் என நினைத்து, "கொட்டிட்டு வந்தர்றேனுங்க" என்று சொல்லிக்கொண்டே நடந்தேன்.

கவிதா ஓடிவந்து முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, ஏனுகுன்னா யானை! சார்ட்டுல எழுதியிருக்கேன்!"

எதிரே, புளியமர மறைவில் பெரிய காது ஒன்று அசைந்தது.

அன்றே டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்த சார்ட் இன்றும் எங்கள் சமையலறைக் கதவில் இருக்கிறது. இப்போதெல்லாம் தெரியாத வார்த்தை காதில் விழுந்தால், "அப்படின்னா என்னங்க?" என்று கேட்காமல் நகர்வதில்லை.

பக்கத்து வீட்டம்மா மட்டும் என்னைக் கண்டால் வேண்டுமென்றே "ஏனுங்க" என்கிறார். கொல்லைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் நான் சிரிக்கிறேன்.